பணவீக்கம் குறைந்தால் விலை குறையுமா?

"பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். கடையில் ஒன்றின் விலையும் குறையவில்லையே, யாரை ஏமாற்றுகிறார்கள்?" என்ற கேள்வி நம்மிடையே அடிக்கடி எழுகின்றது. படித்தவர்களும் கேட்கிறார்கள். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் என்ற வகையில் என் பதில் இதுதான்: இங்கே இலக்கம் பொய் சொல்லவில்லை, சதவீதத்தை நாம்தான் பிழையாக விளங்கியிருக்கிறோம்.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்கள் ஒரு வருடத்தில் சுமார் 170 ரூபாவாகின. அடுத்த வருடம் அந்த 170 ரூபாவின் மேல் 1.3 சதவீதம் ஏறி 172 ரூபாவாகின. குறைந்தது விலை ஏறும் வேகம்தான், விலை அல்ல.

மின் கட்டணத்திலும் இதே மயக்கம். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூட்டப்பட்டது. இரண்டையும் கூட்டி 141 சதவீதம் என்பார்கள். ஆனால் 100 ரூபா முதலில் 175 ஆகி, பின்னர் அந்த 175 இன் மேல் 66 சதவீதம் ஏறி 290 ரூபாவைத் தாண்டுகின்றது. உயர்வு 190 சதவீதத்துக்கும் அதிகம். மறுபக்கம், 66 சதவீத உயர்வை மட்டும் முழுமையாக நீக்க 40 சதவீதக் குறைப்பே போதும். இது தெரியாவிட்டால், கூட்டியவரும் குறைத்தவரும் மேடையில் சொல்வதை எல்லாம் நாம் நம்ப வேண்டியதுதான்.

எமது மாணவர்களுக்குச் சதவீதம் கணிக்கத் தெரியும். சாதாரண தர வினாத்தாளில் புள்ளியும் எடுப்பார்கள். ஆனால் "எதன் சதவீதம்?" என்று கேட்கும் பழக்கம் பாடசாலை வாசலோடு நின்றுவிடுகின்றது.

இதன் இழப்பு சிறியதல்ல. 2021 செப்டெம்பரில் 50,000 ரூபா சம்பளம் பெற்ற ஒருவருக்கு, அதே வாழ்க்கையை நடத்த 2023 செப்டெம்பரில் 86,000 ரூபா தேவை. அவருக்கு 20 சதவீதம் கூட்டி 60,000 கொடுத்தால் அது தாராளமான உயர்வு போலத் தோன்றும். உண்மையில் அந்த 60,000 முன்னைய 35,000 ரூபாவுக்குக்கூட ஈடாகாது. கடையில் நிற்கும் ஊழியருக்கும் பள்ளிவாசல் முஅத்தினாருக்கும் சம்பளம் தீர்மானிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. சதவீதம் ஒன்றைக் கேட்டவுடன் 100 ரூபாவில் தொடங்கி, ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த மாத மின் பட்டியலைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, போன மாதத்தைவிட எத்தனை சதவீதம் கூடியது என்று கேளுங்கள். வகுப்பறையில் நாங்கள் தொடங்கியதை வீட்டில் நீங்கள்தான் தொடர முடியும்.