அடுப்படி வியாபாரத்துக்கு முதலில் யாரைப் பார்ப்பது?

நம் ஊர்களில் சாப்பாட்டு வியாபாரம் பெரும்பாலும் ஒரு பாராட்டில்தான் தொடங்குகிறது. நோன்புப் பெருநாளுக்கு அயல்வீட்டுக்கு ஒரு கிண்ணம் சீனிச் சம்பல் போகும். இரண்டு நாள் கழித்து, "ராத்தா, இதைப் போத்தல்ல போட்டு வித்தா என்ன?" என்று யாராவது கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியிலேயே மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். தென்கிழக்குப் பல்கலைக்கழக விடுதிகளில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், அக்கரைப்பற்றிலும் நிந்தவூரிலும் எத்தனை கடைகள் எடுப்பார்கள் என்று.

பிழையும் அங்கேயேதான் தொடங்குகிறது. முதலில் போத்தல் வாங்குகிறோம். அடுத்ததாக மூடி ஒட்டும் மெஷின் வாங்கி, கல்முனையில் ஆயிரம் லேபல் அச்சடிக்கிறோம். கடைசியில்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, அதாவது பி.எச்.ஐ.யைப் பார்க்கப் போகிறோம். அவர் அடுப்படியைப் பார்த்து "இந்த இடம் சரிவராது" என்று சொன்னால் போட்ட சல்லி முழுவதும் அலுமாரிக்குள் முடங்கிவிடும். அரசாங்கத்தின் உதவி நம் பகுதியில் இல்லாமல் இல்லை. ஆனால் அது பல காரியாலயங்களில் சிதறிக் கிடக்கிறது. எந்த வரிசையில் போகிறோம் என்பதில்தான் காசும் காலமும் மிஞ்சும்.

என் முடிவான கருத்து இது: மெஷினுக்கும் லேபலுக்கும் கடனுக்கும் முன்னால் பி.எச்.ஐ.யைப் பாருங்கள். ஒலுவில் மக்களுக்கு அவர் அட்டாளைச்சேனைச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் கிடைப்பார். அவர் வந்தால் கடையை மூடுவதற்கே வருகிறார் என்ற பயம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. தொழில் தொடங்கிய பிறகு பிடிபட்டால் அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. தொடங்கும் முன் நாமே போய், "சேர், இப்படி ஒரு தொழில் செய்ய நினைக்கிறேன், இடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால், அவரைப் போல இலவசமாக ஆலோசனை தரக்கூடியவர் வேறு யாருமில்லை.

அவர் என்ன பார்ப்பார்? தண்ணீர் குழாயா கிணறா, கிணறு என்றால் மலசலகூடக் குழியிலிருந்து எவ்வளவு தூரம், தரை கழுவக்கூடியதா, யன்னலுக்கு வலை இருக்கிறதா, குப்பை வாளிக்கு மூடி இருக்கிறதா, கழிவுநீர் எங்கே போகிறது, கோழியும் பூனையும் உள்ளே வர வழி இருக்கிறதா. உணவு நிலையங்களுக்கென்று எச் 800 என்ற படிவம் இருக்கிறது. அதன்படி புள்ளியிட்டு ஏ, பி, சி, டி என்று தரம் பிரிப்பார்கள். குடும்பம் சமைக்கும் அதே அடுப்படியில் விற்பனைக்கும் சமைத்தால் நல்ல தரம் கிடைப்பது கஷ்டம். பின்பக்கத்து விறாந்தையை மறித்து, சீமெந்துத் தரையும் கை கழுவ ஒரு பேசினும் போட்டுக்கொண்டால் சிறிய தொழிலுக்கு நல்ல தொடக்கமாகும். உணவைக் கையாளுபவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் நெருப்புக் காய்ச்சலுக்கான தடுப்பூசியும் வேண்டும். அதையும் அதே காரியாலயத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். உணவு செய்யும் இடமும் விற்கும் இடமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் அதன் கீழ்தான் வருகின்றன. வீட்டில்தானே செய்கிறோம் என்று விலக்குக் கேட்க முடியாது.

அடுத்தது கடதாசி வேலை. இதை நீட்டத் தேவையில்லை. கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தல் வாங்கி, அடையாள அட்டைப் பிரதியும் காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தப் பிரதியும் எடுத்துக்கொண்டு, அட்டாளைச்சேனைப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். அதன் பிறகு பிரதேச சபையில் வியாபார அனுமதிப்பத்திரம். செயலகமும் சபையும் ஒன்றல்ல. பலர் ஒன்றில் நின்று மற்றதின் வேலையைக் கேட்டு அலைவதைக் கண்டிருக்கிறேன். பேக்கரி, அரவை மில் போன்றவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் தேவைப்படலாம். சிறிய அளவிலானவற்றுக்கு அதையும் பிரதேச சபையே வழங்கும்.

இனி, கற்றுத் தருபவர்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும்போது பெயரை மட்டும் பதிந்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். தொழில்முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தர் யார் என்று கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபையின் ஆட்கள் செயலக மட்டத்தில் வேலை செய்கிறார்கள். கணக்கு வைப்பது, விலை போடுவது, கண்காட்சிக்குப் பொருள் கொண்டுபோவது எல்லாம் அவர்கள் வழியாக வரும். விதாதா வள நிலையம் என்று ஒன்று இருக்கிறது. ஆய்வுகூடங்களில் கண்டுபிடித்த தொழில்நுட்பத்தைக் கிராமத்துக்குக் கொண்டுவருவதே அதன் வேலை. பழம் பதனிடுவது, காய வைப்பது, பொதி செய்வது பற்றி வகுப்புகள் நடத்துவார்கள். 1969இல் சட்டம் போட்டு அமைத்த கைத்தொழில் அபிவிருத்திச் சபைக்கு மாவட்டக் காரியாலயங்கள் உண்டு. மெஷின் வாங்கும் யோசனை இருந்தால் எந்த அளவு மெஷின் போதும் என்பதை அங்கே கேட்டுவிட்டு வாங்குங்கள். அரிசிமா, மிளகாய்த்தூள் என்று காய்ந்த பொருள் செய்பவர்களுக்கு அனுராதபுரத்தில் அறுவடைக்குப் பிந்திய முகாமைத்துவத்துக்கான தேசிய நிறுவனமே இருக்கிறது.

நம் வாசலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் தொழில்நுட்ப பீடத்தில் உயிர்முறைமைத் தொழில்நுட்பத் துறை உண்டு. ஒலுவிலில் இருந்துகொண்டு அந்தக் கதவைத் தட்டாமல் இருப்பது நமக்குத்தான் நட்டம். "என் சம்பல் எத்தனை நாள் தாங்கும்?" என்பது விரிவுரையாளருக்கும் மாணவருக்கும் நல்ல ஆய்வுக் கேள்வி. நமக்கோ அது லேபலில் போட வேண்டிய திகதி.

அந்த லேபலை ஒரு போத்தலில் வைத்துப் பார்ப்போம். பெயர்: சீனிச் சம்பல். அடுத்து, சேர்மானங்கள். கூடுதலாக உள்ளது முதலில், குறைவாக உள்ளது கடைசியில். வெங்காயம், சீனி, எண்ணெய், மாசி, மிளகாய், புளி, உப்பு என்று உங்கள் நிறுவைப்படி எழுதுங்கள். மாசி மீன் என்பதால் மீன் ஒவ்வாதவர்களுக்காக அது தெளிவாகத் தெரிய வேண்டும். நிறப்பொடியோ பழுதாகாமல் காக்கும் மருந்தோ சேர்த்தால் அனுமதிக்கப்பட்டதாகவும் அளவோடும் இருக்க வேண்டும், லேபலிலும் எழுத வேண்டும். கடையில் உதிரியாக நிறுத்துத் தரும் பெயர் தெரியாத நிறப்பொடியைத் தொடவே வேண்டாம். பிறகு தேறிய நிறை, தொகுதி இலக்கம், செய்த திகதி, காலாவதித் திகதி, உங்கள் பெயரும் முகவரியும், எப்படி வைக்க வேண்டும் என்ற குறிப்பு, அதிகூடிய சில்லறை விலை. விலையும் திகதியும் இல்லாமல் விற்றால் நுகர்வோர் அதிகாரசபையின் சோதனையில் கடைக்காரரும் மாட்டுவார். அதனால்தான் பெரிய கடைகள் லேபல் இல்லாத போத்தலைக் கையில்கூட எடுப்பதில்லை.

தொகுதி இலக்கம் பெரிய கம்பனிகளுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நாள் வாங்கிய வெங்காயம் பழுதாக இருந்து ஒரு சட்டிச் சம்பல் கெட்டுப்போனால், அந்தச் சட்டியில் நிரப்பிய போத்தல்களை மட்டும் கடைகளிலிருந்து திருப்பி எடுக்க அந்த இலக்கம்தான் உதவும். இலக்கம் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஒரு கொப்பியில் திகதி, இலக்கம், எத்தனை போத்தல், எந்தக் கடை என்று எழுதி வந்தால் போதும்.

லேபலை மூன்று மொழியிலும் போடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து சிங்களப் பிள்ளைகளும் வருகிறார்கள். கொழும்புக் கடைகளுக்குப் போகும் கனவு இருந்தால் தனித் தமிழ் லேபல் தடையாகிவிடும். போத்தல் தண்ணீர் விற்க நினைப்பவர்களுக்கு வேறு பாதை: தனிப் பதிவும் எஸ்.எல்.எஸ். சான்றிதழும் இல்லாமல் முடியாது. ஹலால் சான்றிதழ் அரசு தருவதல்ல. 2014 முதல் அதற்கெனத் தனிச் சபை இருக்கிறது. பார்கோட் வேண்டுமானால் ஜி.எஸ்.1 ஸ்ரீலங்கா தரும். இலங்கைக்குரிய இலக்கம் 479இல் தொடங்கும். சோற்றுப் பார்சல் விற்பவர்களுக்கு ஒன்று: பொலித்தீன் லன்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பர் முதல் தடை.

சல்லி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், காரணத்தோடுதான். பிரதேச அபிவிருத்தி வங்கி, மக்கள் வங்கி, இலங்கை வங்கி, சமுர்த்தி வங்கி எல்லாம் சிறு தொழிலுக்குக் கடன் தருகின்றன. ஆனால் வட்டி என்றால் நம் வீடுகளில் பலர் ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டார்கள். அந்த மார்க்கப் பேணுதல் மதிக்க வேண்டியது. 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வங்கிகள் வட்டியில்லா முறையில் இயங்க வழி திறந்தது. இலங்கை வங்கியிலும் இஸ்லாமிய வங்கிப் பிரிவு உண்டு. முராபஹா முறையில் வங்கியே மெஷினை வாங்கி, தன் இலாபத்தைச் சேர்த்து உங்களுக்கு விற்கும். நீங்கள் தவணையில் கட்டுவீர்கள். கேட்டால்தான் சொல்வார்கள், ஆகவே கேளுங்கள்.

வட்டிக் கடனில் என்னை மிகவும் வருத்துவது, வீட்டு வாசலுக்கே வந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் வாராந்தக் கடன். அதன் சுமை தாங்காமல் அவர்கள் பட்ட பாட்டைக் கண்டுதான், 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவித்தது. சம்பல் போத்தலைக் கடைக்குக் கொடுத்தால் காசு பெரும்பாலும் ஒரு மாதம் கழித்துத்தான் வரும். வாராந்தக் கடன் ஏழாம் நாளே வாசலில் நிற்கும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. முதல் முப்பது போத்தலைக் கைக்காசில் செய்து, விற்றுப் பார்த்து, அதன் பிறகு கடனைப் பற்றி யோசியுங்கள்.

மாவட்டக் காரியாலயத்தில் சிங்களத்தில் மட்டும் படிவம் தந்தால் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. மறுத்தால் 1956 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். எந்தச் சேவை எங்கே என்று தெரியாவிட்டால் 1919 அரச தகவல் நிலையம் தமிழிலும் பதில் சொல்லும்.

வியாபார அனுமதிப்பத்திரம் எந்த மாதத்தில் எடுத்தாலும் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்துவிடும். ஜனவரி பிறந்ததும் புதுப்பித்துக்கொள்ள மறக்காதீர்கள்.