பழைய .22 சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்

.22 சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் என்பது 0.22 அங்குலக் (ஏறத்தாழ 5.6 மி.மீ.) குழல் விட்டம் கொண்ட, விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சிறிய தோட்டாக்களைப் பயன்படுத்தும் சுழல் துப்பாக்கி ஆகும். ஒவ்வொரு முறை சுடுவதற்கும் முன்னர் இதன் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். குறைந்த உதைப்பு, குறைந்த ஓசை, எளிய அமைப்பு ஆகிய காரணங்களால் இலக்குச் சுடுதல் பழகுவோரும் பழைய துப்பாக்கிகளைப் பேணுவோரும் இதை விரும்புகின்றனர். இந்தியாவில் இதை வைத்திருக்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் தேவை. துப்பாக்கி எவ்வளவு பழையதானாலும், அது சுடக்கூடிய நிலையில் இருந்தால் உரிமம் இன்றி வைத்திருக்க முடியாது.

இக்கட்டுரை இவ்வகைத் துப்பாக்கியின் வரலாறு, இயங்கும் முறை, பழைய மாதிரிகளில் உள்ள ஆபத்து, பராமரிப்பு, சட்ட நிலை ஆகியவற்றை விளக்குகிறது. சட்ட நடைமுறைக்கு எடுத்துக்காட்டாகத் திருப்பத்தூர் மாவட்டம் மாதனூர்ப் பகுதி எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

பெயர் விளக்கம்

தோட்டாவின் அடிப்பகுதியில் உள்ள பற்று மருந்து அடிபட்டுத் தீப்பொறி எழுப்ப, அதனால் வெடிமருந்து எரிந்து குண்டு வெளியேறுகிறது. பற்று மருந்து அடிப்பகுதியின் நடுவில் தனிக் கிண்ணமாக அமைந்திருந்தால் அது சென்டர்ஃபயர் தோட்டா. அடிப்பகுதியைச் சுற்றியுள்ள மடிப்பு விளிம்புக்குள் பரவியிருந்தால் அது ரிம்ஃபயர் தோட்டா. ரிம்ஃபயர் தோட்டாவின் விளிம்பு அடிபட்டு நசுங்க வேண்டும் என்பதால் அதன் உலோகம் மெல்லியதாக இருக்கும். ஆகவே அதிக அழுத்தத்தை அது தாங்காது. பெரிய தோட்டாக்கள் சென்டர்ஃபயர் முறைக்கு மாறிய பின்னரும் .22 அளவு மட்டும் ரிம்ஃபயர் முறையிலேயே நிலைத்ததற்கு இதுவும் மலிவான உற்பத்தியும் காரணங்கள். ஒருமுறை சுட்ட ரிம்ஃபயர் வெற்றுக் கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவது வழக்கம் இல்லை.

விசையை இழுப்பதால் ஒரே ஒரு செயல், அதாவது சுத்தியை விடுவித்தல் மட்டும் நிகழ்வதால் இது சிங்கிள் ஆக்‌ஷன் எனப்படுகிறது. விசையை இழுத்தாலே சுத்தி பின்சென்று, உருளையும் சுழன்று, பின்னர் சுத்தி விழும் வகை டபுள் ஆக்‌ஷன் ஆகும்.

வரலாறு

பிரான்சைச் சேர்ந்த லூயி நிக்கோலா ஃப்ளோபர்ட் 1845இல் உருவாக்கிய சிறு தோட்டாவே ரிம்ஃபயர் வகையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அது வீட்டுக்குள்ளேயே இலக்குச் சுட்டு விளையாடுவதற்குப் பயன்பட்டது.

அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1857இல் தன் முதல் மாதிரியை வெளியிட்டது. .22 ஷார்ட் என்று பின்னர் பெயர்பெற்ற தோட்டாக்கள் ஏழு அதில் இடம்பெற்றன. உருளையின் பின்பக்கத்திலிருந்து தோட்டாவை நுழைக்கும்படி முழுவதும் துளையிட்ட உருளைக்கு ரோலின் வைட் என்பவர் 1855இல் காப்புரிமை பெற்றிருந்தார். அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வாய்ப்பை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பெற்றதால், 1869இல் அது காலாவதியாகும் வரை பிற அமெரிக்க நிறுவனங்கள் இவ்வமைப்பில் ரிவால்வர் செய்வதற்குத் தடை இருந்தது.

இன்று உலகெங்கும் புழங்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தால் அறிமுகமானது. பெயரில் ரைஃபிள் இருந்தாலும் இது கைத்துப்பாக்கிகளிலும் பயன்படுகிறது.

கோல்ட் நிறுவனத்தின் 1873ஆம் ஆண்டு சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரின் தோற்றத்தை ஒட்டி, சிறிய .22 ரிவால்வர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருமளவில் வந்தன. 1949இல் தொடங்கப்பட்ட ரூகர் நிறுவனம் 1953இல் சிங்கிள் சிக்ஸ் மாதிரியை வெளியிட்டது. கோல்ட் நிறுவனத்தின் ஃபிரான்டியர் ஸ்கவுட் 1957இல் வந்தது. பழைய .22 சிங்கிள் ஆக்‌ஷன் என்று பேசும்போது பெரும்பாலும் இக்காலத்து மாதிரிகளே குறிக்கப்படுகின்றன.

இந்தியாவில் கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலை குடிமக்களுக்காக ரிவால்வர்கள் தயாரிக்கிறது. நிடர் என்னும் இந்திய ரிவால்வர் .22 அளவைச் சேர்ந்தது. தனியார் துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுப்பகுதியிலிருந்து பெரிதும் நிறுத்தப்பட்டது. எனவே அதற்கு முன் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டு ரிவால்வர்களே கைமாறிக் கைமாறி வருகின்றன. வெளிநாடுகளில் எளிய விளையாட்டுப் பொருளாகக் கருதப்படும் பழைய .22 ரிவால்வர் இங்கு அரிய பொருளாக மதிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

இயங்கும் முறை

இவ்வகை ரிவால்வரின் உருளை சட்டகத்திலிருந்து வெளியே சாய்வதில்லை. வலப்பக்கத்தில் உள்ள சிறு கதவைத் திறந்து, உருளையைக் கையால் சுழற்றி, ஒவ்வொரு அறையிலும் ஒரு தோட்டாவாக நிரப்ப வேண்டும். பழைய மாதிரிகளில் உருளை சுழல்வதற்குச் சுத்தியை அரைநிலைக்கு இழுத்து வைக்க வேண்டும். சுட்டபின் வெற்றுக் கூடுகளைக் குழலின் கீழுள்ள தள்ளுகோலால் ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டும். சுத்தியை முழுநிலைக்கு இழுக்கும்போது உருளை ஓர் அறை அளவு சுழன்று, குழலுக்கு நேராகப் பூட்டிக்கொள்கிறது.

இம்முறை மெதுவானது. ஆயினும் பழகுவோருக்கு இதுவே நன்மை. ஒவ்வொரு சுடுதலும் தனித்தனியே எண்ணிச் செய்யும் செயலாகிறது. விசை இழுவை இலேசாகவும் சீராகவும் இருப்பதால் குறியின் பிழை எங்கிருந்து வந்தது என்று கண்டறிய முடிகிறது. தோட்டாவின் விலையும் பிற அளவுகளை விடக் குறைவு.

பழைய மாதிரிகளில் உள்ள ஆபத்து

பழைய மாதிரிகளில் சுத்தி கீழிறங்கிய நிலையில் அதன் முனையோ அடிஊசியோ தோட்டாவின் விளிம்பின் மேலேயே படிந்திருக்கும். அந்நிலையில் துப்பாக்கி தரையில் விழுந்து சுத்தி அடிபட்டால், விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கக்கூடும். இதனால் ஆறு அறை கொண்ட பழைய ரிவால்வரில் ஐந்து தோட்டா மட்டும் நிரப்பி, சுத்தியின் கீழ் வெற்று அறையை வைப்பது வழக்கம்.

ரூகர் நிறுவனம் 1973இல் இக்குறையை நீக்கும் இடைத்தகட்டை அறிமுகப்படுத்தியது. விசை இழுக்கப்பட்டால் மட்டுமே அத்தகடு மேலெழுந்து சுத்தியின் அடியை ஊசிக்குக் கடத்தும். அதற்கு முற்பட்ட தன் ரிவால்வர்களுக்கும் அமெரிக்காவில் கட்டணமின்றி மாற்று உறுப்பு பொருத்தித் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. இந்தியாவில் உள்ள பழைய துப்பாக்கிக்கு இவ்வசதி எளிதில் கிட்டாது. ஐந்து தோட்டா வழக்கமே இங்கு நம்பத்தக்க பாதுகாப்பு.

கவனிக்க வேண்டிய பிற செய்திகள்:

- தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பார்த்தல் பல பழைய ரிம்ஃபயர் துப்பாக்கிகளுக்குக் கேடு. ஊசி அறையின் விளிம்பில் மோதி அதை மழுக்கிவிடும். பின்னர் தோட்டா சரியாக உட்காராது, அல்லது வெடிக்காது.
- சில ரிவால்வர்களுடன் .22 மேக்னம் தோட்டாவுக்கான இரண்டாவது உருளை வரும். மேக்னம் தோட்டாவின் கூடு பருமனானது. அதற்குரிய உருளையில் சாதாரண .22 லாங் ரைஃபிள் தோட்டாவைச் சுட்டால் கூடு பிளந்துவிடக்கூடும்.
- தோட்டா வெடிக்கவில்லை எனில் குழலை இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருந்து, அதன் பின்னரே உருளையைத் தொட வேண்டும்.
- .22 குண்டு சிறியது என்பதால் இலேசாக எண்ணக்கூடாது. அது 1 மைலுக்கும் அப்பால் சென்று ஆபத்து விளைவிக்கும் என்று தோட்டாப் பெட்டிகளிலேயே எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. நீர்ப்பரப்பிலும் கல்லிலும் பட்டுத் தெறிக்கும் இயல்பும் அதற்கு உண்டு.

சட்ட நிலை

.22 ரிவால்வர் தடைசெய்யப்படாத வகையைச் சேர்ந்தது. 9 மி.மீ. கைத்துப்பாக்கி, .303 ரைபிள் போன்றவற்றைப் போலன்றி, இதற்கு மாவட்ட அளவிலேயே உரிமம் வழங்க முடியும். மாவட்டங்களில் ஆட்சியரும், காவல் ஆணையரகப் பகுதிகளில் காவல் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள் ஆவர். 21 வயது நிறைவடையாதவர் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாக அனுமதி இல்லை.

2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மூன்று முக்கிய மாற்றங்களைக் கொண்டுவந்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. பரம்பரையாக வந்தவையும் இக்கணக்கில் அடங்கும். உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தண்டனை குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டுச் சிறை என உயர்த்தப்பட்டது. திருமணம், திருவிழா போன்ற நிகழ்ச்சிகளில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் கவனமின்றிச் சுடுவதும் தனிக் குற்றமாக்கப்பட்டது.

பழமையானது என்பதால் மட்டும் விலக்கு கிடைக்காது. வழக்கொழிந்த மாதிரி அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்குச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அளிக்கும் விலக்கு, பழுது நீக்கினாலும் நீக்காவிட்டாலும் சுட முடியாத ஆயுதங்களுக்கே பொருந்தும். .22 தோட்டா இன்றும் புழக்கத்தில் உள்ளதாலும், பழைய .22 ரிவால்வர் பெரும்பாலும் சுடக்கூடிய நிலையில் இருப்பதாலும், இவ்விலக்கு அதற்குப் பொருந்துவது அரிது.

பரம்பரையாக வரும் துப்பாக்கி

பழைய ரிவால்வர் ஒருவர் கைக்கு வருவது பெரும்பாலும் குடும்பத்தில் உரிமம் பெற்றிருந்தவர் இறந்த பின்னரே. தந்தையின் உரிமம் மகனுக்கோ மகளுக்கோ தானாக வந்து சேராது. உரிமதாரர் இறந்தவுடன் அத்துப்பாக்கியைத் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறுகிறது. அலமாரியிலேயே அதை விட்டுவைப்பது, எண்ணம் நல்லதாக இருந்தாலும், உரிமமற்ற ஆயுதம் வைத்திருந்ததாகவே கருதப்படும்.

ஒப்படைத்த பின்னர் வாரிசு தன் பெயரில் உரிமம் கோரி விண்ணப்பிக்கலாம். பிற வாரிசுகளின் ஒப்புதல், காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி ஆகியவை இதில் இடம்பெறும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் உயிருடன் இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ 25 ஆண்டுகள் அத்துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசின் பெயருக்கு மாற்றக் கோரலாம். முதியவர் உள்ள குடும்பங்களுக்கு இதுவே சிக்கல் குறைந்த வழி.

பாலாற்றை ஒட்டிச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்த மாதனூர் போன்ற ஊர்களில் இன்னொரு சிக்கலும் எழலாம். இப்பகுதி முன்பு வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டம் 1989இல் பிரிக்கப்பட்ட பின் இன்றைய வேலூர் மாவட்டப் பகுதியோடு இருந்து, 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. ஆகவே பழைய உரிமப் புத்தகத்தில் வேறு மாவட்டத்தின் முத்திரை இருப்பது இயல்பே. இன்று விண்ணப்பிக்க வேண்டிய இடம் திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். பழைய புத்தகத்தைக் கிழிக்காமலும் தொலைக்காமலும் காப்பது முக்கியம். துப்பாக்கியின் வரிசை எண்ணும் அது சட்டப்படி வந்ததற்கான சான்றும் அதில்தான் உள்ளன.

விற்க விரும்புவோர் உரிமம் உள்ள ஒருவருக்கே விற்க முடியும். அதற்கும் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும்.

தேர்தல் கால ஒப்படைப்பு

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்கள் அறிவிக்கப்பட்டவுடன், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு தமிழ்நாட்டின் மாவட்ட நிர்வாகங்கள் அறிவிக்கின்றன. வங்கிக் காவலர்கள், போட்டிகளில் பங்கேற்கும் வீரர்கள் போன்றோருக்கு விலக்கு அளிக்கப்படுவதுண்டு. ஒப்படைக்கும்போது துப்பாக்கியைத் தோட்டா நீக்கிய நிலையில் கொடுத்து, வரிசை எண் குறித்த ஒப்புகைச் சீட்டைப் பெற வேண்டும். திரும்பப் பெற்றதும் துருவேறியுள்ளதா என்று பார்த்து எண்ணெய் இட வேண்டும்.

பராமரிப்பும் தோல் உறையும்

.22 குண்டு பெரும்பாலும் ஈயத்தால் ஆனது. மேலே மெழுகு பூசப்பட்டிருக்கும். இதனால் குழலிலும் அறைகளிலும் ஈயமும் மெழுகும் கரியும் படியும். அறைகள் அழுக்கேறினால் தோட்டா முழுமையாக உட்காராது. சுட்டபின் உருளையைக் கழற்றி ஒவ்வோர் அறையையும் தூரிகையால் தேய்த்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் இட்டால் போதும். துடைத்த பின் கையைச் சோப்பால் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும். ஈயம் உடலில் சேர்வது தீங்கானது.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரம் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்றது. இங்கு நல்ல தோலில் உறை செய்துகொள்வது எளிது. தோல் பதனிடுவதில் இரு முறைகள் உள்ளன. ஆவாரம்பட்டை, வேட்டில் பட்டை போன்றவற்றின் சாற்றில் ஊறவைப்பது பழைய முறை. குரோமிய உப்புகளால் பதனிடுவது பின்னர் வந்த முறை. பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பானது. நனைத்து அழுத்தினால் துப்பாக்கியின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் உறைக்கு ஏற்றது. குரோம் தோல் மென்மையானது. காலணியின் மேற்பகுதிக்கும் ஆடைகளுக்கும் ஏற்றது.

எந்தத் தோலானாலும், துப்பாக்கியை உறைக்குள் வைத்தே நீண்ட நாள் சேமிக்கக் கூடாது. தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பட்டைத் தோலில் உள்ள அமிலத் தன்மையும் குரோம் தோலில் எஞ்சிய உப்பும் இரும்பில் துருவை உண்டாக்கும். தோல் வாரில் செருகிவைத்த பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறுவதும் இதனால்தான். களிம்பேறிய தோட்டா அறையில் சிக்கிக்கொள்ளும். உறை எடுத்துச்செல்வதற்கு மட்டுமே. சேமிப்பதற்கு எண்ணெய் தடவிய உலர்ந்த துணியும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியும், பூட்டிய இரும்புப் பெட்டியும் வேண்டும். தோட்டாவைத் தனியே பூட்டி வைக்க வேண்டும்.

இலக்குச் சுடுதல்

ஆற்றுப்படுகை, மலையடிவாரம், தோப்பு ஆகியவற்றில் சுட்டுப் பழகுவது பாதுகாப்பற்றது. சட்டச் சிக்கலுக்கும் இடம் தரும். அங்கீகரிக்கப்பட்ட துப்பாக்கி சுடும் சங்கத்தின் சுடுதளமே பழகுவதற்கு உரிய இடம். இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951இல் நிறுவப்பட்டது. மாநிலச் சங்கங்கள் அதனோடு இணைந்துள்ளன. .22 தோட்டா பன்னாட்டுப் போட்டிகளிலும் பயன்படுகிறது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் விரைவுச் சுடுதல் போட்டி .22 ரிம்ஃபயர் தோட்டாவில் நடப்பதே. அப்போட்டியில் சில நொடிகளுக்குள் ஐந்து முறை சுட வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் சுத்தியை இழுக்கும் ரிவால்வர் அதற்குப் பொருந்தாது. நிதானமாக, ஒவ்வொரு குண்டின் குறியையும் பார்த்துப் பழகுவதற்கே அது ஏற்றது.