குறுக்கு வழியில் வந்த அனுமதிப்பத்திரம்

ஒரு நாள் காலை வந்த தொலைபேசி அழைப்பில் முதலில் அழுகைச் சத்தம்தான் கேட்டது. "மிஸ், என்ர லைசென்ஸ் கள்ள லைசென்ஸாம். பொலிஸில இருக்கிறன். நான் காசு குடுத்துத்தானே எடுத்தனான்?"

கிளிநொச்சியில் வசிக்கும் அந்த அக்கா 2009இல் கணவரை இழந்தவர். விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்து, கடைகளுக்குப் போட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தவர். சைக்கிளில் தூரக் கடைகளுக்குப் போக முடியாதென்று அவர் சொன்னபோது ஸ்கூட்டி வாங்கும்படி சொன்னவள் நான்தான். "லைசென்ஸையும் எடுத்துப்போடுங்கோ அக்கா" என்றும் சொன்னேன். எங்கே, எப்படி எடுப்பது என்று சொல்லவில்லை. நான் விட்ட அந்த இடைவெளிக்குள் ஒரு தரகர் நுழைந்துவிட்டார். "பரீட்சையும் வேண்டாம், மெடிக்கலும் வேண்டாம். அடையாள அட்டைப் பிரதியும் படமும் காணும்" என்றாராம். அட்டையும் வந்தது. சந்தியில் மறித்த பொலிஸார் பரிசோதித்தபோது அந்த இலக்கம் வேறொருவருடையது.

தரகரின் தொலைபேசி அன்றிலிருந்து வேலை செய்யவில்லை.

இது அந்த அக்காவின் பேராசை அல்ல. இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் நாங்கள். ஒரு கடதாசிக்காகப் பல படிகள் ஏறி இறங்கியவர்கள். எதையும் ஆரையாவது பிடித்துத்தான் எடுக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. அந்தப் பழக்கத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். ஆனால் பிடிபடும்போது கூண்டில் நிற்பது நாங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையின் 454ஆம் பிரிவின்படி, போலி ஆவணம் தயாரிப்பவருக்கு 5 வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். 459ஆம் பிரிவு இன்னும் கவனிக்க வேண்டியது. போலி என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ ஓர் ஆவணத்தை நேர்மையற்ற முறையில் உண்மையானதுபோலப் பாவித்தால், அதைத் தயாரித்தவருக்குரிய தண்டனையே கிடைக்கும். "எனக்குத் தெரியாது" என்பது எப்போதும் போதாது. பரீட்சைக்கே போகாமல் கிடைத்த அட்டையில் சந்தேகம் வரவில்லையா என்ற கேள்வி எழும்.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் வாகனம் ஓட்டினால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி தண்டப்பணம் 25,000 ரூபாவிலிருந்து 30,000 ரூபா வரை. அனுமதிப்பத்திரம் இல்லாதவரைச் சாரதியாக அமர்த்துபவருக்கும் தண்டம் உண்டு.

தம்பியின் அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு அண்ணன் முச்சக்கரவண்டி ஓடுவதையும் காண்கிறோம். அது ஆளுக்கு ஆள் மாறக்கூடிய பொருள் அல்ல. விபத்து நடந்தால் காப்புறுதிப் பணம் மறுக்கப்படவும் இடமுண்டு. இரவலாகக் கொடுக்கவும் வேண்டாம், கடனுக்கு ஈடாக வைக்கவும் வேண்டாம்.

நேர் வழி

18 வயது நிறைந்தவர்கள் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ் பெற்று, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். அதில் சித்தியடைந்தால் பயிலுநர் அனுமதி, பிறகு ஓடிக்காட்டும் பரீட்சை. கட்டணத்தை அலுவலகக் கருமபீடத்தில் மட்டும் செலுத்திப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அனுமதிப்பத்திரம் தொலைந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியுடன் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் அந்த அட்டையுடன் இனி ஓட வேண்டாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. தரகரின் இலக்கம், காசு அனுப்பிய துண்டு எதையும் எறியாதீர்கள். அவை உங்களுக்குச் சாட்சி.

அந்த அக்காவின் வழக்கு இன்னும் முடியவில்லை. தவணைக்குத் தவணை நானும் கூடப் போகிறேன். இதற்கிடையில் அவர் முறைப்படி விண்ணப்பித்து, எழுத்துப் பரீட்சையில் இரண்டாம் தரம் சித்தியடைந்துவிட்டார். "இவ்வளவுதானா மிஸ்? இதுக்கா பயந்தனான்?" என்று கேட்டார்.

இப்போது யாரிடமாவது "லைசென்ஸ் எடுங்கோ" என்று சொன்னால், விண்ணப்பப்படிவத்தையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன்.