நின்ற மாதவிடாய் மீண்டும் வந்தால்...

மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 43 வயதுத் தாய் ஒருவரை நினைத்துக்கொள்வோம். மருந்தேற்றத் தொடங்கிய சில மாதங்களிலேயே அவருக்கு மாதவிடாய் நின்றுபோனது. "இனி இந்தத் தொல்லை இல்லை" என்றிருந்தவருக்கு, ஒரு வருடம் கழித்துத் திடீரென இரத்தம் படுகிறது. நோய் திரும்பிவிட்டதோ என்று நெஞ்சு பதறுகிறது. தொழலாமா, நோன்பு பிடிக்கலாமா என்பதை யாரிடமாவது கேட்டு அறிந்துகொள்கிறார். வைத்தியரிடம் சொல்ல மட்டும் வெட்கம் தடுக்கிறது.

சகோதரிகளே, இந்த வெட்கம்தான் ஆபத்தானது.

சூலகத்தில் நடப்பது என்ன?

சூலகங்களிலுள்ள முட்டைகள் வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். 40 வயதைத் தாண்டியதும் ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன் ஆகிய ஓமோன்கள் ஒரு மாதம் கூடியும் ஒரு மாதம் குறைந்தும் சுரக்கும். அதனால் மாதவிடாய் முந்தியும் பிந்தியும் வரும். உடம்பு திடீரென அனலாகி வியர்க்கும், தூக்கம் கெடும், காரணமின்றிக் கோபம் வரும். தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தாலே மாதவிடாய் நின்றுவிட்டதாகக் கொள்வர்.

புற்றுநோய் மருந்துகள் இம்மாற்றத்தை விரைவுபடுத்துகின்றன. சைக்ளோபொஸ்பமைட் போன்றவை முட்டைகளை அழிக்கும். 40 வயதைக் கடந்தவர்களுக்கு மாதவிடாய் நிரந்தரமாக நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் சிலருக்குப் பல மாதங்கள் கழித்து, ஏன், ஒரு வருடத்திற்குப் பின்னரும்கூட அது திரும்பும். ஆகவே சிகிச்சைக்குப் பின் 12 மாதக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. மாதவிடாய் வராத காலத்திலும் கரு தங்கலாம். ஓமோன் அடங்கிய கருத்தடை மாத்திரையும் ஊசியும் மார்புப் புற்றுநோய் கண்டவர்களுக்குப் பொருந்தா. செப்பு லூப் போன்ற வழிகளைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

மாத்திரையும் கருப்பையும்

தமொக்சிபென் மாத்திரையை 5 வருடங்கள், சிலர் 10 வருடங்கள் பாவிக்க வேண்டியிருக்கும். மார்பில் ஈஸ்ட்ரஜனைத் தடுக்கும் இம்மருந்து, கருப்பையில் ஈஸ்ட்ரஜனைப் போலவே வேலைசெய்து உட்சுவரைத் தடிக்கச் செய்யலாம். மாதவிடாய் நின்றவர்களில் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பையும் சிறிதளவு கூட்டும். இதற்குப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பாமல் தடுப்பதில் அதன் நன்மை பெரிது. லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளோ சூலகம் இயங்கும்போது தனியே போதிய பயன் தரமாட்டா. அவற்றைப் பாவிப்பவருக்கு மாதவிடாய் திரும்பினால், சிகிச்சையையே மாற்ற வேண்டிவரலாம்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

• நின்றுபோன இரத்தம் துளியளவேனும் மீண்டும் பட்டால்
• இரு மாதவிடாய்களுக்கு இடையிலோ, தாம்பத்திய உறவின் பின்னரோ இரத்தம் பட்டால்
• ஒரு மணி நேரத்திலேயே துணி முழுதும் நனைந்தால், கட்டி கட்டியாகப் போனால்

இப்படிப் படும் இரத்தமெல்லாம் புற்றுநோயல்ல. பெரும்பாலும் வேறு காரணமே இருக்கும். ஆயினும் சோதித்தே தெளிய வேண்டும். பெப் பரிசோதனை கருப்பைக் கழுத்தைப் பார்ப்பதற்கே உரியது. "அது சரியாக வந்ததே" என்று இருந்துவிடாதீர்கள். உட்சுவரை அறிய ஸ்கேன் எடுப்பர். தேவையானால் சிறு துண்டெடுத்தும் சோதிப்பர்.

அனலுக்கு என்ன வழி?

மார்புப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்கு ஓமோன் கொடுத்துப் பார்த்த ஸ்கண்டினேவிய ஆய்வொன்று, நோய் திரும்புவது அதிகரித்ததால் 2003இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே அயலவர் சொன்னார் என்று ஓமோன் மாத்திரை வாங்காதீர்கள். ஓமோன் இல்லாத மருந்துகள் உண்டு. அவற்றிலும் பரொக்செட்டின் போன்றவை தமொக்சிபெனின் வேலையைக் குறைக்கும் என்பதால், பாவிக்கும் மருந்துகள் அனைத்தையும் வைத்தியரிடம் காட்டுங்கள். ஈஸ்ட்ரஜன் குறைந்தால் எலும்பு தேயும். பாலும், முள்ளோடு உண்ணும் நெத்தலியும், தினசரி நடையும் எலும்புக்குத் துணை.

இரத்தம் பட்ட நாட்களை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். வாய் திறக்கக் கூச்சமாயின் அந்தக் கொப்பியை நீட்டினால் போதும். கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை: அவரது எரிச்சலைக் குணக்கேடென்று எண்ணாதீர்கள். கிளினிக்கிற்கு நீங்களும் கூடவே போங்கள்.