சீனப் பெட்டியைப் பார்த்து ஜப்பான் அடித்த காப்பி! தெரியுமா?

பழைய சீனச் சிவப்புப் பெட்டி ஒன்று. மூடி முழுக்கப் பியோனிப் பூக்கள், அடுக்கடுக்காய் இதழ்கள். மரத்தை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்று வியக்கிறீர்களா? அங்கே மரத்தில் உளியே படவில்லை! மரம் உள்ளே வெறும் கூடு. அதன்மேல் ஒரு மரத்துப் பாலைப் பூசி, இறுகவிட்டு, மறுபடி பூசி… நூறு பூச்சையும் தாண்டும்! அத்தனைக்கும் சேருவது சில மில்லிமீட்டர் கனம்தான். பூவும் இலையும் அந்தக் கனத்துக்குள் வெட்டியவை. சிவப்பு? பாதரசமும் கந்தகமும் கூடிய சாதிலிங்கம்!

அந்தப் பாலுக்கு ஜப்பானில் உருஷி என்று பெயர். நம் ஊர் அரக்கு பூச்சி தருவது; இது மரத்தைக் கீறினால் வடிவது. மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் இதற்குப் பங்காளிகள்! சேராங்கொட்டைப் பால் பட்ட தோல் என்ன பாடுபடும்? பச்சை உருஷி பட்டாலும் அதே கதிதான். இன்னொரு கூத்து கேளுங்கள்: இது வெயிலில் காயாது. காற்றில் ஈரம் இருந்தால்தான் இறுகும்! ஈரம் காக்கும் அலமாரிக்குள் வைத்துத்தான் பெட்டியைக் ‘காய’ விடுகிறார்கள்.

13ஆம் நூற்றாண்டில் ஜென் பௌத்தத்தோடு இந்தச் சீன வேலைப்பாடும் ஜப்பானின் காமகுராவுக்கு வந்தது. அங்கே 1282இல் எங்காகு-ஜி கோயிலை நிறுவியவரே முகாகு சோகென் என்ற சீனத் துறவி! புத்தர் சிலை வடிக்கும் கைகள் சும்மா இருக்குமா? நூறு பூச்சுக்குக் காத்திருக்காமல் மரத்தையே செதுக்கி, அதன்மேல் உருஷி பூசிவிட்டார்கள்! அதுதான் காமகுரா-போரி.

காப்பிதான், ஆனால் எனக்கு இதுதான் ஒரு படி மேல். சீனாவின் மிங் மன்னர் காலத்துத் தொடக்கப் பெட்டிகளில் கத்தி போன தடமே தெரியாது, அவ்வளவு வழவழப்பு. இங்கேயோ பூவைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் கத்தித் தடங்களை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள்! கட்சுரா மரப்பலகையில் முதலில் வரைந்த கோட்டின் மேலேயே ஆழமாக ஒரு வெட்டு. பிறகு கோட்டுக்கு வெளியே சாய்வாகச் சீவுகிறார்கள். இதழ் மேலே எழுந்து நிற்கிறது.

1868இல் மெய்ஜி ஆட்சி வந்ததும் பௌத்தக் கோயில்களுக்கு ஆதரவு போயிற்று, சிற்பிகளுக்கு வேலையும் போயிற்று. கோத்தோ, மிட்சுஹாஷி என்ற சிற்பிக் குடும்பங்கள் பெட்டி, தட்டு என்று வீட்டுச் சாமான்களுக்குத் தாவித் தொழிலைக் காப்பாற்றின. 1889இல் காமகுராவுக்கு ரயில் வந்தது. கடற்கரைக்கு வந்த கூட்டம் வாங்கிப் போயிற்று!

கடைசி வேலைதான் உச்சம். கறுப்பு உருஷி, அதன்மேல் சிவப்பு. அது முழுதாய் இறுகுமுன் மகோமோ என்ற நீர்ப்புல்லிலிருந்து எடுத்த கரும்பொடியைத் தூவித் தேய்க்கிறார்கள். மேடு சிவப்பாய் மின்னும். பள்ளத்தில் கருமை தங்கி, புதுப் பெட்டிக்குப் பழம்பொருள் களை வந்துவிடும்! அந்தப் பொடி என்ன தெரியுமா? புல்லைத் தாக்கும் கரிப்பூட்டைப் பூஞ்சையின் வித்து! அதே பூஞ்சை தண்டையும் பருக்க வைக்கும். பருத்த தண்டை இளசாகப் பறித்துச் சீனர்கள் வாணலியில் வதக்கிச் சாப்பிடுகிறார்கள்!