எது முன், எது பின்?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் புதுப் புத்தகங்களின் மணம் கமழத் தொடங்குகிறது. பழுப்புத் தாளில் அட்டை போடுவதும், பெயர்ச்சீட்டு ஒட்டுவதும், கனமான நூல்களைக் கையில் எடுத்துப் பார்த்து, "இவ்வளவையும் இந்தப் பிள்ளை எப்படிப் படித்து முடிக்கும்?" எனப் பெற்றோர் பெருமூச்செறிவதும் ஆண்டுதோறும் நிகழ்வன. ஆனால் கணித நூலையும் அறிவியல் நூலையும் அருகருகே விரித்து வைத்து, ஒன்று கேட்பதை மற்றொன்று எப்போது தருகிறது என ஒப்பிட்டுப் பார்ப்போர் அரியர். பல்லாண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்த நாமே அதனைச் செய்ததில்லை. செய்யத் தூண்டியவள் பத்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி.

நம் தெருவில் வசிக்கும் அச்சிறுமி ஒரு மாலை வேளையில் அறிவியல் நூலுடன் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். ஒரு கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பைக் கணக்கிடும் பகுதியில் விரலை வைத்து, "சார், இந்த லாக் என்பது என்ன?" என்று கேட்டாள். "பாடத்தில் விடை இருக்கிறதே அம்மா" என்றோம். "விடை தெரியும் சார். லாக் பத்து என்றால் ஒன்று. மனப்பாடம் செய்துவிட்டேன். லாக் என்றால் என்ன என்றுதான் தெரியவில்லை. கணக்கு டீச்சரிடம் கேட்டேன். அது பதினொன்றாம் வகுப்பில் வரும் என்றார்கள். சயின்ஸ் டீச்சரிடம் கேட்டேன். அது கணக்குப் பாடம், இப்போதைக்கு அப்படியே எழுதிவிடு என்றார்கள்."

இரு ஆசிரியைகளும் பொய் உரைக்கவில்லை. அன்றாடம் நாற்பது, ஐம்பது பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்பவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவுமில்லை. ஆனால் சிறுமி அடுத்துச் சொன்ன வார்த்தைதான் நம்மைச் சுட்டது. "எனக்குக் கணக்கு மூளை கிடையாது சார். பிளஸ் ஒன்னில் முதல் குரூப் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்." தனக்கு எவரும் கற்பிக்காத ஒன்று தெரியாததை, தன் மூளையின் குறையென்று அப்பிள்ளை தீர்மானித்துவிட்டாள்!

அன்று திண்ணையிலேயே அமர்ந்து அவளுக்கு விளக்கினோம். அது அரை மணி நேர வேலைதான். பத்தின் அடுக்குகளை அவள் ஏற்கெனவே அறிந்திருந்தாள். நூறு என்பது பத்தின் இரண்டாம் அடுக்கு, ஆயிரம் மூன்றாம் அடுக்கு. அந்த அடுக்கு எண்ணை மட்டும் தனியே எடுத்துச் சொல்வதுதான் மடக்கை. நூற்றுக்கு இரண்டு, ஆயிரத்துக்கு மூன்று. அவ்வளவே. இனி, ஒரு லிட்டர் தூய நீரில் உள்ள ஹைட்ரஜன் அயனியின் அளவு பத்தின் மைனஸ் ஏழாம் அடுக்கு மோல். எலுமிச்சைச் சாற்றில் ஏறத்தாழ மைனஸ் இரண்டாம் அடுக்கு. இத்தனை சுழியங்களை எழுதி மாளாது என்பதால், கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பர்க் மதுவடிப்பாலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன் என்னும் வேதியியலார் 1909-இல் ஒரு வழி கண்டார். அடுக்கு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, மைனஸ் குறியையும் நீக்கிவிட்டார். நீருக்கு ஏழு, எலுமிச்சைக்கு இரண்டு. "அப்படியானால் எலுமிச்சை தண்ணீரைவிட ஐந்து பங்கு புளிப்பா சார்?" என்றாள். ஐந்து பங்கன்று, ஐந்து அடுக்கு. நீரைவிட ஓர் இலட்சம் மடங்கு ஹைட்ரஜன் அயனி அதில் உண்டு என்றதும் அவள் கண்கள் விரிந்தன. 'கணக்கு மூளை' இல்லாத பிள்ளை கேட்கும் கேள்வியா அது?

அவள் சென்றபின் நாம் உறங்கவில்லை. தமிழக அரசு 2018-இலும் 2019-இலும் வெளியிட்ட ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு நூல்களை வரவழைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். கண்டவற்றுள் மூன்றை இங்கே கூறுவோம்.

முதலாவது, ஒன்பதாம் வகுப்பு. அறிவியலில் இயக்கம் என்னும் பாடம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஒரு வண்டி கடந்த தொலைவையும் அதற்கான காலத்தையும் வரைபடமாக்கி, அக்கோட்டின் சாய்வே வேகம் என்று பாடம் கூறுகிறது. ஆனால் சாய்வு என்பதைக் கணித நூல் கற்பிப்பது பத்தாம் வகுப்பில். ஒன்பதாம் வகுப்பின் ஆயத்தொலைப் பாடத்தில் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவு, நடுப்புள்ளி ஆகியவை உண்டு. சாய்வு இல்லை.

இரண்டாவது, நம் சிறுமியின் மடக்கை. பத்தாம் வகுப்பு வேதியியல் அதனைக் கேட்கிறது. கணிதமோ பதினொன்றாம் வகுப்பில், அடிப்படை இயற்கணிதம் என்னும் பாடத்தில் தருகிறது. கணிதமில்லாப் பிரிவுக்குச் செல்லும் பிள்ளை அதனைக் கணித வகுப்பில் சந்திப்பதேயில்லை. வியப்பு யாதெனில், இதற்கு முந்தைய சமச்சீர்க் கல்விக் காலத்து ஒன்பதாம் வகுப்புக் கணித நூலில் மடக்கை இடம்பெற்றிருந்தது. கணித நூலைத் திருத்தியவர்கள் சுமையைக் குறைக்கும் நல்லெண்ணத்தோடு அதனை எடுத்திருக்கலாம். அந்தக் கல்லின்மீது வேதியியல் ஒரு சுவரை எழுப்பும் என்பதை எண்ணிப் பார்த்தவர் இல்லை போலும். மேல்நிலை வகுப்புகளில் கிளார்க்ஸ் டேபிளைக் கையோடு சுமந்து திரிந்த நம் தலைமுறைக்கு இது புதுமையாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது எல்லாவற்றிலும் பெரிது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் இரண்டாம் பாடமே இயக்கவியல். வெக்டரும் வகையீடும் இல்லாமல் அதில் ஓர் அடி நகர இயலாது. கணிதத்திலோ வெக்டர் எட்டாம் பாடம், வகையீடு பத்தாம் பாடம், தொகையீடு பதினொன்றாம் பாடம். மூன்றும் இரண்டாம் தொகுதியில். அதாவது ஜூன், ஜூலையில் இயற்பியல் கேட்கும் கருவியைக் கணிதம் ஆண்டின் பிற்பகுதியில்தான் கையில் கொடுக்கிறது. இயற்பியல் நூலை எழுதியோர் இதனை உணர்ந்தே, தம் பாடத்தினுள்ளேயே வெக்டருக்கும் வகையீட்டுக்கும் சுருக்கமான அறிமுகம் தந்துள்ளனர். பாராட்டத்தக்க செயல். ஆயினும் கணித ஆசிரியர் வாரக்கணக்கில் கற்பிப்பதை இயற்பியல் ஆசிரியர் சில பாடவேளைகளில் ஓடிக் கடக்க வேண்டியதாகிறது. அந்த ஓட்டத்தில் பின்தங்கும் பிள்ளை, "எனக்கு இயற்பியல் வராது" என்கிறது.

இதில் கணிதத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைத்தலாகாது. கணிதம் தனக்கென ஓர் ஒழுங்குடையது. எல்லையை அறியாமல் வகையீட்டை முறையாகக் கற்பிக்க முடியாது. சார்பை அறியாமல் எல்லையைக் கற்பிக்க முடியாது. மேலும், தேவை முன்னே வந்து கருவி பின்னே வருவது இயற்கைக்கு மாறானதுமன்று. இயக்கத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சியில்தான் நியூட்டனே நுண்கணிதத்தை உருவாக்கினார். வானியலாரின் கணக்குச் சுமையைத் தணிக்கவே நேப்பியர் 1614-இல் மடக்கையை வெளியிட்டார். பசி எடுத்தபின் சோறு சுவைக்கும். ஆனால் ஜூன் மாதப் பசிக்கு ஜனவரியில் சோறு போடுவது எவ்வகை விருந்து?

இந்தப் பிளவு நம் மாநிலத்துக்கு மட்டும் உரியதன்று. 1901-இல் கிளாஸ்கோ நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் மாநாட்டில் ஜான் பெர்ரி என்னும் பொறியியலார், யூக்ளிடின் நிறுவல்களை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் கணிதத்தைச் சாடி, அளந்தும் வரைந்தும் செய்து பார்த்தும் கற்கும் கணிதம் வேண்டுமென வாதாடினார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கணிதக் கழகத்தில் ஈ. எச். மூர், கணிதத்தையும் இயற்பியலையும் ஆய்வுக்கூட முறையில் இணைத்துக் கற்பிக்க வேண்டுமென்றார். செவிமடுத்தோர் சிலரே. அரை நூற்றாண்டுக்குப் பின் அந்நாட்டில் பெரும்பொருள் செலவிட்டுப் பாடத்திட்டங்கள் வகுக்கப்பட்டபோதும், இயற்பியலுக்கு 1956-இல் ஜெரால்ட் சக்கரையாஸ் தலைமையில் ஒரு குழு, கணிதத்துக்கு 1958-இல் எட்வர்ட் பெகிள் தலைமையில் வேறொரு குழு. இடையில், 1957 அக்டோபரில் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதால் எங்கும் அவசரம். 'புதுக் கணிதம்' என்று பெயர்பெற்ற அவ்வலை கணங்களை முன்னிறுத்தியது. அறிவியலினின்று கணிதத்தை அறுத்தெடுத்துவிட்டனர் என்று மாரிஸ் கிளைன் 1973-இல் நூலெழுதியே கண்டித்தார். அவ்வலையின் ஈரம் நம் கரையிலும் உண்டு. 2018-இன் ஒன்பதாம் வகுப்புக் கணித நூல் கணங்களோடுதான் தொடங்குகிறது.

நம் நாட்டில் இயற்பியல் அறிஞர் டி. எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக்குழு, 1966-இல் அளித்த அறிக்கையில், பள்ளியின் முதல் பத்தாண்டுகள் கணிதமும் அறிவியலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பாடமாதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதற்குமுன் நம் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் எளிய கணிதம் ஒன்று, கடினக் கணிதம் ஒன்று என இருவகை இருந்ததை முதியோர் நினைவு கூர்வர். நாட்டமுள்ளோர் மட்டும் கடினத்தை எடுத்தனர். அனைவர்க்கும் ஒரே பாடம் என்பது நீதியான ஏற்பாடு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அனைவரும் ஏறவேண்டிய ஏணியில் ஒரு படி விடுபட்டிருந்தால், கால் நீண்டவன் தாண்டிவிடுவான். டியூஷனுக்கு வழியுள்ளவனும் தாண்டிவிடுவான். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளையே விழும்.

இவ்விடத்தில் பழைய செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. உரோமைக் கல்லூரியில் கணிதம் கற்பித்த கிறிஸ்டோபர் கிளாவியுஸ், 1582-இன் நாட்காட்டித் திருத்தத்தில் பங்குகொண்ட இயேசு சபைத் துறவி. கணிதத்தைத் தத்துவத்தினும் தாழ்ந்த கலையாக எண்ணிய உடன்பேராசிரியர்களோடு அவர் நெடுநாள் வாதாட வேண்டியிருந்தது. கணிதமின்றி இயற்கைத் தத்துவம் விளங்காது என்பதே அவர் கட்சி. 1599-இல் சபை தன் கல்லூரிகளுக்கெல்லாம் வெளியிட்ட பாடத்திட்டத்தில் அவர் விரும்பிய அளவுக்கு இடம் கிட்டவில்லை. ஆயினும் ஒன்று கிட்டியது. மூவாண்டுத் தத்துவப் படிப்பில் இயற்பியலுக்குரிய இரண்டாம் ஆண்டிலேயே, அதே மாணவர்களுக்கு நாள்தோறும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கணிதம். முதலில் யூக்ளிட், இரண்டு மாதங்கள் கழித்து அதனோடு புவியியல் அல்லது வானியல். என்ன கற்பிப்பது என்பதோடு, எந்த ஆண்டு, எத்தனை நாழிகை, எதற்கு அடுத்து எது என்பதையும் அத்திட்டம் எழுதிவைத்தது. நானூறு ஆண்டுகளுக்குப் பின் நாம் தேடுவதும் அவ்வளவே.

அரசு நூலை மாற்றும் அதிகாரம் தனிப் பள்ளிக்கு இல்லை. பாட வரிசையைப் புரட்டவும் இயலாது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளின் வினாத்தாள் அச்சிட்ட வரிசைப்படியே வரும். இருப்பினும் நமக்கு அறிமுகமான பள்ளியொன்றில், அதன் தலைமையாசிரியையான அருட்சகோதரி, ஜூன் முதல் வாரத்தில் கணித, அறிவியல் ஆசிரியர்களை ஒரே மேசையைச் சுற்றி அமர்த்தினார். நீண்ட தாளொன்றில் மாதங்களை மேலே எழுதி, அறிவியல் பாடம் ஒவ்வொன்றும் எந்தக் கணிதத்தை எப்போது கேட்கிறது என்று நிரப்பச் செய்தார். பல்லாண்டு ஒரே ஓய்வறையில் தேநீர் அருந்திய ஆசிரியர்கள், ஒருவர் நூலை மற்றவர் அன்றுதான் திறந்து பார்த்தனராம். தாவரவியல் பட்டம் பெற்று இயற்பியலும் கற்பிக்க நேர்ந்த ஆசிரியை ஒருவர், சாய்வைத் தாமே சரிவரப் புரிந்துகொண்டதும் அந்த மேசையில்தான் என்று நாணமின்றிச் சொன்னாராம். அவருக்கு நம் வணக்கம்.

கணித ஆசிரியர் எளிதில் இசையவில்லை. "என் போர்ஷனை யார் முடிப்பது?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வியே. இறுதியில் ஒன்பதாம் வகுப்பில் சாய்வுக்கு இரண்டு பாடவேளைகளும், பத்தாம் வகுப்பில் வேதியியலின் அப்பாடத்துக்கு முந்தைய வாரம் மடக்கைக்கு இரண்டு பாடவேளைகளும் தருவதாக ஒப்புக்கொண்டார். அவற்றில் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. அந்த நாள்களில் அறிவியல் ஆசிரியை தம் பாடவேளையை அவருக்கு விட்டுக்கொடுப்பது என்பது உடன்பாடு.

பதினொன்றாம் வகுப்பின் சிக்கல் அம்மேசையில் தீரவில்லை. வெக்டருக்கும் வகையீட்டுக்கும் குறைந்தது பத்துப் பாடவேளைகள் வேண்டும் என்கிறார் இயற்பியல் ஆசிரியர். நான்குக்கு மேல் இயலாது என்கிறார் கணித ஆசிரியர். எஞ்சிய ஆறையும் சனிக்கிழமைகளில் எடுக்கலாமா என்று சகோதரி கேட்டிருக்கிறார். பேருந்தில் வரும் கிராமத்துப் பிள்ளைகள் சனிக்கிழமை வர இயலுமா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.