பெல்ட்டோடு சேர்ந்தே மாற வேண்டிய பம்ப்

ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் டீசல் காரை டைமிங் பெல்ட் மாற்ற விட்டால், எஸ்டிமேட் தாளில் பெல்ட்டுக்குக் கீழே வாட்டர் பம்ப் என்று ஒரு வரி இருக்கும். வண்டி சூடாகவில்லை, தண்ணீர் குறையவில்லை, பம்ப் சத்தம் போடவில்லை, பிறகு எதற்கு? உரிமையாளர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் ‘சேர்த்து மாத்திடுங்க சார், அதுதான் நல்லது’ என்பதற்கு மேல் விளக்கம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. காரணம் தெரியாததால் சிலர் அந்த வரியை அடிக்கச் சொல்லிவிடுகிறார்கள். அடிக்கக் கூடாத வண்டிகள் எவை, அடித்தாலும் குற்றமில்லாத வண்டிகள் எவை என்பதைத் தெரிந்துகொண்டால் பெரிய செலவு ஒன்றைத் தவிர்க்கலாம்.

ரெனோ டஸ்டரை எடுத்துக்கொள்வோம். சென்னையை அடுத்த ஒரகடம் ஆலையில் தயாராகி 2012இல் இந்தியச் சந்தைக்கு வந்த வண்டி. அதன் டீசல் வகையில் இருப்பது கே9கே என்ற 1,461 சிசி இன்ஜின். நிசான் சன்னி, மைக்ரா, டெரானோ, மஹிந்திரா வெரிட்டோ ஆகியவற்றின் டீசல் வகைகளிலும் இதே இன்ஜின்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதிகள் வந்தபோது ரெனோ இந்தியாவில் டீசல் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது. ஆக, இன்று சாலையில் ஓடும் டஸ்டர் டீசல் எதுவும் புது வண்டியில்லை. பல வண்டிகள் இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறிவிட்டன. முதல் உரிமையாளர் பெல்ட்டை மாற்றினாரா, மாற்றியபோது பம்ப்பையும் மாற்றினாரா என்பது வாங்கியவருக்குத் தெரிவதேயில்லை.

இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் என்ற ஒரே பல் பெல்ட், பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க், வால்வுகளைத் திறக்கும் கேம், டீசல் பம்ப், வாட்டர் பம்ப் என்று நான்கையும் சுற்றி ஓடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்குப் பதினாறு முறைக்கும் மேல் திறந்து மூடுகிறது. வால்வு கீழே இறங்கி நிற்கும் அதே இடத்துக்குத்தான் அடுத்த கணம் பிஸ்டன் ஏறி வருகிறது. இரண்டும் மோதாமல் காப்பது பெல்ட்டின் பற்கள் மட்டுமே. ஓடும்போது பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும். கிராங்க் வண்டியின் வேகத்தில் இன்னும் சில சுற்று சுற்றும். வால்வுகள் வளையும். ஹெட்டை இறக்காமல் வேலை முடியாது.

பல் வைத்த ரப்பர் பெல்ட் முதலில் காருக்காகப் பிறந்ததல்ல. 1940களில் சிங்கர் தையல் இயந்திரத்துக்காக அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது அது. அதைக் கேம் சுழற்றப் பயன்படுத்தி, தொடர் உற்பத்திக்கு வந்த முதல் கார், 1962இன் கிளாஸ் 1004 என்ற ஜெர்மன் கார். சங்கிலியைவிட மலிவு, சத்தம் குறைவு, எண்ணெய் வேண்டாம் என்பதால் வேகமாகப் பரவியது. அதனுள் இருக்கும் கண்ணாடியிழை நூல்கள் எளிதில் நீளாது. ஆனால் ரப்பருக்கு ஆயுள் உண்டு. இன்ஜினைப் பொறுத்து 60,000 முதல் 1,50,000 கிலோமீட்டர் வரை கெடு வைக்கிறார்கள். கூடவே ஆண்டுக் கணக்கும் இருக்கும். வண்டி அதிகம் ஓடாமல் வாசலில் நின்றாலும் ரப்பர் முதுமை அடைகிறது என்பதால், எந்தக் கெடு முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

இனி பம்ப். கையில் எடுத்துப் பார்த்தால் எளிமையான பொருள்தான். ஒரு பக்கம் பெல்ட் ஓடும் சக்கரம், மறுபக்கம் கூலன்ட்டைத் தள்ளும் இறக்கைச் சக்கரம், இரண்டையும் இணைக்கும் தண்டு, அதைத் தாங்கும் பேரிங். பேரிங்குக்கும் கூலன்ட்டுக்கும் நடுவே ஒரு சீல். தண்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு வளையம், அசையாமல் நிற்கும் இன்னொரு வளையத்தின் மேல் உராய்ந்துகொண்டே இருக்கும். அந்த உராய்வைக் குளிர்விப்பதும் வழுக்க வைப்பதும் நடுவில் மெல்லிய படலமாக நிற்கும் கூலன்ட்தான். பம்ப் உடலின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். சீலைத் தாண்டி வரும் கசிவு பேரிங்குக்குள் போகாமல் வெளியேற விட்டிருக்கும் வழி அது. துளையின் விளிம்பில் காய்ந்த பச்சை அல்லது ரோஸ் நிறப் பொருக்கு தடித்திருந்தால் சீல் தளர ஆரம்பித்துவிட்டது என்று பொருள். டைமிங் கவருக்குள் இருக்கும் பம்ப்பில் இந்தத் தடயத்தைக் கவரைக் கழற்றாமல் பார்க்க முடியாது. ‘பம்ப் நல்லாத்தான் இருக்கு’ என்று வெளியிலிருந்து சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

கசிவு பெல்ட்டின் மேல் பட்டால் ரப்பர் கெடும். பற்கள் வழுக்கவும் கூடும். பேரிங்குக்குள் போனால் கிரீஸ் கழுவப்பட்டு ஆட்டம் கொடுக்கும். ஆட்டம் வந்த சக்கரத்தின் மேல் பெல்ட் நேராக ஓடாது, ஓரம் தேய்ந்து நார் நாராகப் பிரியும். கடைசி நிலையில் பேரிங் இறுகி நின்றுவிட்டால், நேற்று போட்ட புது பெல்ட்டாக இருந்தாலும் பற்கள் உரிந்துபோகும். மாற்றச் சொன்னது பெல்ட்டை. இன்ஜினைக் கெடுத்தது மாற்றாமல் விட்ட பம்ப். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தளர்ந்த பழைய பெல்ட்டுக்குப் பழகிய பேரிங்கின் மேல் புது பெல்ட்டின் முழு இழுவிசை திடீரென்று விழுகிறது. அதுவரை சத்தமில்லாமல் ஓடிய பம்ப் அதற்குப் பிறகு ஊளையிடத் தொடங்க இதுவும் ஒரு காரணம்.

லேபர் கணக்கும் இதையே சொல்கிறது. இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஒரு பக்க மவுண்ட்டைக் கழற்றி, வெளிப் பெல்ட், கிராங்க் புல்லி, கவர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்தால்தான் டைமிங் பெல்ட் கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து பம்ப்புக்கு மீதி இருப்பது சில போல்ட்டுகளும் கூலன்ட்டை வடிப்பதும்தான். பம்ப்பை விட்டுவைத்து ஆறு மாதம் கழித்து அது ஒழுகினால், அதே வேலையை முழுக் கூலி கொடுத்து மறுபடி செய்ய வேண்டும். கூலன்ட் பட்ட பெல்ட்டையும் மறுபடி மாற்ற வேண்டும்.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. மாருதி ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் டீசலில் டைமிங் பெல்ட்டே இல்லை, சங்கிலிதான். மாருதியின் கே சீரிஸ், ஹூண்டாயின் கப்பா பெட்ரோல் இன்ஜின்களிலும் அப்படியே. பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலில் டைமிங் பெல்ட் உண்டு. ஆனால் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவது வெளியே ஓடும் வேறொரு பெல்ட். அந்த வண்டியில் ஒழுகலும் ஆட்டமும் இல்லாத பம்ப்பைக் கட்டாயம் மாற்றியே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்க உரிமையாளருக்கு முழு உரிமை உண்டு. ஃபோர்டின் 1.4, 1.5 லிட்டர் டீசல்கள், ஃபோக்ஸ்வேகன் போலோவின் 1.5 லிட்டர் டீசல் ஆகியவை டஸ்டர் ரகம். டைமிங் பெல்ட்டே பம்ப்பைச் சுழற்றுகிறது. எஸ்டிமேட் போடும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் வண்டியில் பம்ப்பைச் சுழற்றுவது எந்த பெல்ட்?

பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் ஐட்லர், பம்ப் நான்கும் ஒரே பெட்டியில் கிட்டாகக் கிடைக்கின்றன. கேட்ஸ், கான்டினென்டல், எஸ்கேஎஃப் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. சில நூறு ரூபாய் குறைகிறது என்று பெயர் தெரியாத பம்ப்பைப் போடுவது இந்த இடத்தில் கூடவே கூடாது. பழைய பம்ப்பின் கேஸ்கட் துணுக்குகளைச் சுரண்டும்போது இன்ஜின் முகத்தில் கீறல் விழக் கூடாது. கேஸ்கட்டோ ரப்பர் வளையமோ கூடவே வந்திருந்தால், கையேடு சொன்னாலொழிய அதன்மேல் சீலன்ட் பசையை அப்பக் கூடாது. பிதுங்கிய பசை உள்ளே உடைந்து ரேடியேட்டரை அடைக்கும்.

பெல்ட்டை மாட்டியவுடன் சாவி போடும் மெக்கானிக்கைவிட, கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி ஸ்பேனரை மாட்டி இன்ஜினைக் கையாலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பவர் நம்பத்தக்கவர். இரண்டு சுற்றில் கேம் ஒரு சுற்று முடித்துத் தொடங்கிய இடத்துக்கு வந்திருக்கும். பெல்ட் மாட்டும்போது நேர்படுத்திய டைமிங் குறிகள் மறுபடி நேராக நிற்க வேண்டும். நடுவில் எங்காவது கடினமாகத் தட்டுப்பட்டால் வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. அந்த இடத்திலேயே நிறுத்தினால் எதுவும் வளையாது.

பிறகு கூலன்ட். போர் தண்ணீரை ஊற்றுவது நம் ஊரில் பல பம்ப்புகளைச் சீக்கிரம் கொல்கிறது; அதன் உப்பு சீல் முகத்தில் படிந்து அரிக்கும். கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட்டை, டிஸ்டில்டு வாட்டருடன் கலந்து ஊற்ற வேண்டும். உள்ளே காற்று தங்கினால் புது சீல் வறண்டு ஓடிக் கருகும் என்பதால், இன்ஜினைச் சூடாக்கிக் காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும். மறுநாள் காலை இன்ஜின் ஆறிய நிலையில் அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவில் ஊற்ற விடக் கூடாது. அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். நக்கிக் குடிக்கும் நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து கொன்றுவிடும்.

வேலை முடிந்ததும் கழற்றிய பெல்ட்டையும் பம்ப்பையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பில்லில் தேதி, கிலோமீட்டர், போட்ட பாகங்களின் எண்கள் மூன்றும் இருக்க வேண்டும். பல கிட்டுகளோடு ஒரு ஸ்டிக்கரும் வரும். தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டுவதற்கு. பழைய டஸ்டரைப் பார்க்கப் போகிறவர் பானெட்டைத் தூக்கியதும் முதலில் தேட வேண்டியது அந்த ஸ்டிக்கரைத்தான். அது இல்லை, பில்லும் இல்லை என்றால், புது கிட்டின் விலையையும் கூலியையும் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.